பின்னணி இசை இல்லாத காட்சிகள் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகின்றன?

திரைநேசன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இசையையும் திரைப்படத்தையும் ஒருசேர நேசிப்பவர்களிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திரையில் ஒருவர் கண்கலங்குவதற்கு முன்பே வயலின்கள் உருகத் தொடங்கிவிட்டால், அந்தத் துயரத்துக்குள் நானாக நுழையும் வாய்ப்பு எனக்கு இல்லாமல் போய்விடுகிறது. நான் என்ன உணர வேண்டும் என்பதை வேறொருவர் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டார் என்றே தோன்றுகிறது. அதற்கு நேர்மாறாக, இசை முற்றிலும் ஒதுங்கிநிற்கும் காட்சிகள் படம் முடிந்த பின்னும் பல நாட்கள் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி 2024-இல் வெளிவந்த ‘கொட்டுக்காளி’ இதற்கு அண்மைக்காலச் சான்று. அந்தப் படத்தில் பின்னணி இசை அறவே கிடையாது. நாயகி ஏறத்தாழப் படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. அவளைச் சுற்றியிருப்பவர்களோ ஓயாமல் பேசுகிறார்கள். வண்டிகளின் உறுமலும், தொண்டை கட்டிப்போன நாயகனின் கரகரத்த குரலும்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. அவளுடைய முகத்தைப் பார்க்கும்போது, அங்கே இருப்பது கோபமா, சலிப்பா, வைராக்கியமா என்பதை நானே தேட வேண்டியிருந்தது. ஒரு சோகமான மெட்டு அங்கே இழைந்திருந்தால் அந்தத் தேடலுக்கு வேலையே இருந்திருக்காது. அவள் இரக்கத்துக்குரியவள் என்று அந்த மெட்டே தீர்ப்பளித்திருக்கும். ஆனால் எவருடைய இரக்கத்தையும் எதிர்பார்ப்பவளாக அவள் எனக்குத் தெரியவில்லை.

இது புதிய முயற்சி அன்று என்பதையும் அறிவேன். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ படத்தில் பின்னணி இசை இல்லை; கொலைகாரன் சீட்டியடிக்கும் ஒரு மெட்டு மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது, அந்த மெட்டைக் கொண்டுதான் பார்வையற்ற பலூன் வியாபாரி அவனை அடையாளம் காண்கிறார். தமிழில் 1954-இல் ‘அந்த நாள்’ ஒரு பாடல்கூட இல்லாமல் வெளிவந்தது. அதை இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர் என்பது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும் செய்தி. இசையையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு வித்வான், தம் படத்துக்குப் பாட்டு வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார் என்றால், இசை எங்கே தேவையில்லை என்பதும் இசையறிவின் ஒரு பகுதிதான் என்று கொள்ளலாம் அல்லவா?

இசையைத் தவிர்ப்பது பார்வையாளருக்குக் கிடைக்கும் உண்மையான சுதந்திரமா, அல்லது அதுவும் நம்மை வேறு வழியில் நடத்திச்செல்லும் ஓர் உத்திதானா? இசைக் கச்சேரியிலும் ஓவியத்திலும் இப்படி விடப்படும் இடத்துக்கு இதே வலிமை உண்டா? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

ஒலிமேசை எழுதுகிறார்:

திரைப்பட ஒலிக்கலவையில் பணிபுரிகிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இசை இல்லாத காட்சி என்று பார்வையாளர் உணர்வது, எங்கள் துறையில் மிக அதிகமான வேலையை வாங்கும் காட்சி. இசை ஓடும்போது அதன் அடியில் பல குறைகள் மறைந்துவிடும். அது விலகியதும் துணி உரசுவது, நாற்காலி நகர்வது, மூச்சு இழுபடுவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும். ஒவ்வொன்றும் வேண்டுமா, வேண்டாமா, எந்த அளவில் வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்திருப்பார். படப்பிடிப்பு முடிந்த இடத்திலேயே எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவுசெய்துகொள்வோம். அதை ரூம் டோன் என்போம். வசனங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை நிரப்ப அது இல்லாமல் முடியாது. எந்த ஒலியும் இல்லாத முழுமையான வெற்றிடத்தைத் திரையரங்கில் விட்டால், பார்வையாளர் அதை மௌனமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். ஆகவே திரையில் நீங்கள் கேட்கும் மௌனம் ஒரு கட்டப்பட்ட பொருள்.

இதற்கு நான் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கும் காட்சி ‘காட்ஃபாதர்’ (1972) படத்தின் உணவகக் கொலைக் காட்சி. நாயகன் மைக்கேல் கழிவறைக்குள் போய், ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து மேசையில் அமர்கிறான். எதிரில் இருப்பவன் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறான். அதற்குத் துணையெழுத்தும் தரப்படவில்லை. இசை ஒரு துளியும் இல்லை. அந்தப் பேச்சுக்கு மேலே, எங்கோ ஒரு ரயில் தடதடத்துக் கிறீச்சிடும் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, இறுதியில் பேச்சையே விழுங்கிவிடுகிறது. அந்த ரயில் காட்சியில் ஓரிடத்திலும் காட்டப்படுவதில்லை. அவன் கண்கள் மட்டும் அலைபாய்கின்றன. அப்போது நாம் கேட்பது ரயிலை அன்று, அவன் தலைக்குள் நடப்பதை. ஒலியை வடிவமைத்த வால்டர் மர்ச் இந்தக் காட்சியைப் பற்றிப் பலமுறை விளக்கியிருக்கிறார். அவன் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை நழுவவிட்ட பிறகுதான் நினோ ரோட்டாவின் இசை உள்ளே வருகிறது. அது கொலைக்கான பரபரப்பு இசையே அன்று; நடந்தது நடந்துவிட்டது, இனி இவனுக்கு மீட்சியில்லை என்பதைத் தாமதமாக வந்து சொல்லும் இசை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இசை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எந்தக் கணத்தில் அது நுழைகிறது என்பதே பார்வையாளரின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது. உணர்வு பிறப்பதற்கு முன்னால் வரும் இசை கட்டளையிடுகிறது. பிறந்த பின் வரும் இசை உடன்நிற்கிறது.

சுருதிலயம் எழுதுகிறார்:

கேள்வி கேட்ட நண்பரின் ரசனையை மதிக்கிறேன். ஆனால் இசைக்காக வாதாட ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் பாட்டு கற்றவள், கற்றுக்கொடுப்பவள்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) எண்ணிப் பாருங்கள். வெளியூரிலிருந்து திரும்பிவந்த தந்தை, தாம் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்காவுக்காக வாங்கிய புடவையைத் தாயின் கையில் கொடுக்கிறார். மகள் இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. அதுவரை அடக்கி வைத்திருந்த தாய் உடைந்து கதறுகிறாள். அந்தக் கதறலை நாம் கேட்பதில்லை. அவள் குரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தார் ஷெனாய் என்ற, வில்லால் இழைத்து வாசிக்கும் தந்திக் கருவி மேல் ஸ்தாயியில் பட்தீப் ராகத்தைப் பிழிகிறது. ரவி சங்கர் அந்தப் படத்தின் இசையை ஒரே இரவு அமர்வில் அமைத்துக் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இந்த இடத்தில் இசை துயரத்துக்கு மேலே பூசப்பட்ட வண்ணமாக இல்லை; அதுவே அவளுடைய குரலாகிவிடுகிறது. நடிகையின் கதறல் அப்படியே கேட்டிருந்தால் அது அந்த ஒரு வீட்டின் அழுகையாக நின்றிருக்கும். அந்தக் கருவியின் ஒலியோ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரின் தொண்டையையும் இறுக்குகிறது. இசை இல்லாதிருப்பதுதான் நேர்மை என்று விதி வகுத்தால் இந்தக் காட்சியை எங்கே வைப்பது?

தமிழில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) எனக்கு இதற்கு இணையானது. பாடல் இல்லாத படம். பின்னணியில் ஒலிப்பது, இளையராஜா 1986-இல் தனித் தொகுப்பாக வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசை; இந்தப் படத்துக்கென எழுதப்பட்டதே அன்று. பாதி எழும்பி நிற்கும் கட்டடத்தைப் பார்க்க முதியவர் தனியாக வருகிறார். சுவரைத் தொடுகிறார், தடவிப் பார்க்கிறார், அறை அறையாக நடக்கிறார். அப்போது எழும் அந்த இசை, ‘இவருக்காக அழுங்கள்’ என்று சொல்லவில்லை. முன்பே தன்போக்கில் வாழ்ந்துகொண்டிருந்த ஓர் இசை, தற்செயலாக அவர் வழியில் வந்து அவரோடு சிறிது நேரம் நடப்பதைப் போலிருக்கிறது. காட்சிக்கு அளவெடுத்துத் தைக்கப்படாததனாலேயே அது நம்மை நெருக்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

இனி, கச்சேரியில் விடப்படும் இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நின்று, பின் பாடகர் குரலை முற்றிலும் நிறுத்தும்போது கேட்பவரின் மனம் ஓய்வதில்லை. தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ஒலிக்குள் அடுத்த ஸ்வரத்தை ரசிகர் தாமாகவே பாடிப் பார்த்துவிடுவார். தேர்ந்த பாடகர் அந்த ஊகத்தை நிறைவேற்றவும் செய்வார், மறுக்கவும் செய்வார். தாளத்திலும் அப்படித்தான். சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டிலேயே எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில், முதல் தட்டு வெறுமையின் மீது விழுகிறது. பாட்டு அதற்குப் பிறகுதான் பிறக்கிறது. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு அந்த அரை இடம்தான் மிகக் கடினம். கை தட்டியவுடன் வாய் திறந்துவிடும். அந்த இடத்தை உள்ளுக்குள் கேட்கக் கற்ற பிறகே லயம் உடலில் ஊறுகிறது. எண்ணிக்கையை எத்தனை முறை விளக்கினாலும் அதற்கு ஈடாகாது. பாடாத இடத்தையும் பாட்டாகக் கேட்கத் தெரிந்தவர்களிடமிருந்துதான் நல்ல பின்னணி இசையும் பிறக்க முடியும் என்று நம்புகிறேன்.

நான்காம்வரிசை எழுதுகிறார்:

ஒரு பார்வையாளனாகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இசை இல்லாத படம் என்னைச் சுதந்திரமாக விடுகிறது என்று ஒருபோதும் உணர்ந்ததில்லை. ‘கவனமாகப் பார், இது முக்கியமானது’ என்ற கட்டளையை அந்த அமைதி இசையைவிட உரக்க இடுகிறது. அண்மைக்காலத்தில் தீவிரமான படம் என்றாலே இசையைக் குறைத்துவிட வேண்டும் என்று ஒரு பழக்கமும் உருவாகியிருக்கிறது. பழக்கமாகிவிட்ட மௌனம், பழக்கமாகிவிட்ட வயலினைப் போலவே வெறும் அடையாளமாகிவிடும்.

ஹிட்ச்காக் இதை நன்கு உணர்ந்தவர் என்று நினைக்கிறேன். 1960-இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு எழுதிக் காட்டியதைக் கேட்ட பின் தம் முடிவை மாற்றிக்கொண்டார். மூன்றே ஆண்டுகளில், ‘த பேர்ட்ஸ்’ படத்தில் வழக்கமான பின்னணி இசையை முழுவதுமாக விலக்கிவிட்டு, ட்ராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவையொலிகளை வைத்தே அச்சத்தை எழுப்பினார். அங்கும் ஒலி ஆலோசகராக இருந்தவர் அதே ஹெர்மன்தான். ஒரே இருவர், இரண்டு எதிரெதிர் முடிவுகள், இரண்டும் சரி. கொள்கையாகப் பிடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு காட்சியும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கிறது.

கோடும்வெளியும் எழுதுகிறார்:

ஓவியம் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் தொடர்கிறேன். பல ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் வண்ணம் அன்று, தீட்டாமல் விட்ட தாள். அதனால் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஒருமுறை வண்ணம் ஏறிய இடத்தில் தாளின் பழைய வெண்மையை முழுமையாக மீட்க முடியாது. ஒரு குவளையின் விளிம்பில் அரிசி அகலத்துக்கு விடப்பட்ட வெள்ளைக் கீற்றுதான் அதைக் கண்ணாடியாக்குகிறது. அந்தக் கீற்றைச் சுற்றிலும் அடர்ந்த நிறம் இல்லாவிட்டால் அது ஒளியாகத் தெரியாது, வேலை முடியாத இடமாகத்தான் தெரியும். நண்பர் ஒலிமேசை சொன்ன ரூம் டோனுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இருப்பதாகப் படுகிறது. வெறுமை தானாக எதையும் சொல்வதில்லை. தன் அருகில் இருப்பவற்றின் தயவில்தான் அது பேசுகிறது.

இதன் உச்சமாக நான் கருதுவது, ஜப்பானிய ஓவியர் ஹசேகவா தோஹாகு பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மையால் தீட்டிய பைன் மரங்களின் ஓவியம். ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைத்தட்டிகள். இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதியில் ஒன்றுமே வரையப்படவில்லை. ஆனால் பார்ப்பவர் எவரும் அதை வெற்றுத்தாள் என்று சொல்வதில்லை, மூடுபனி என்றே சொல்வார்கள். அருகிலுள்ள சில மரங்கள் கன்னங்கரிய, முரட்டுத்தனமான தீற்றல்களாக நிற்க, அடுத்தடுத்தவை வெளிறிக்கொண்டே போய்த் தாளோடு கரைகின்றன. பனியை ஓவியர் வரையவில்லை; மரங்கள் மறையும் விதத்தை வரைந்தார், பனியை நம் கண் வரைந்துகொண்டது. கொட்டுக்காளி நாயகியின் முகத்தில் நீங்கள் தேடியதும் இத்தகைய ஒன்றாகவே இருக்கும். சுற்றியிருந்த பேச்சும் இரைச்சலும் அவ்வளவு கருமையாகத் தீட்டப்பட்டதால்தான் அவளுடைய பேசாமை துலங்கியிருக்கிறது.

இசைக்கும் ஓவியத்துக்கும் இடையே இந்த விஷயத்தில் நேரடியான கொடுக்கல் வாங்கலும் நடந்திருக்கிறது. ராபர்ட் ரௌஷன்பர்க் 1951-இல் வெறும் வெள்ளை நிறத்தை மட்டும் பூசி உருவாக்கிய ஓவியங்கள், இசையமைப்பாளர் ஜான் கேஜுக்குத் தம் மௌன இசைப்படைப்பை அரங்கேற்றும் துணிவைத் தந்தன. 1952 ஆகஸ்ட் 29 அன்று நடந்த அந்த அரங்கேற்றத்தில் பியானோ கலைஞர் டேவிட் டியூடர் பியானோவின் முன் அமர்ந்து, மூடியைத் திறந்தும் மூடியும் மூன்று பகுதிகளின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்தாரே தவிர, ஒரு கட்டையையும் அழுத்தவில்லை. வெளியே வீசிய காற்றும், கூரை மீது விழுந்த மழையும், எழுந்து போனவர்களின் பேச்சும்தான் அன்றைய இசையாக இருந்தன என்று கேஜ் பின்னர் கூறினார். அந்தப் படைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் தோஹாகுவின் பனியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்க முடிவதைப் போல, கேஜின் மௌனத்திடம் மீண்டும் மீண்டும் செல்ல எனக்குத் தோன்றுவதில்லை. அங்கே மறைவதற்கு மரங்கள் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

திரைநேசன் எழுதுகிறார்:

மிகுந்த நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட ஆழமான இடத்துக்கு இந்த உரையாடலை எடுத்துச் சென்றிருக்கிறீர்கள். சுருதிலயம் குறிப்பிட்ட தார் ஷெனாய் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே இசை எனக்குக் கட்டளையிடுவதாக உணர்ந்ததே இல்லை. ஏன் என்பது இப்போது விளங்குகிறது. தாய் அழ வேண்டும் என்று அந்தக் காட்சி தொடங்கியதிலிருந்தே நாம் காத்திருக்கிறோம்; தந்தைக்கு முன்பாக நாம் அறிந்துவிட்ட துயரத்தைச் சுமந்துகொண்டு, புடவை எடுக்கப்படும் வரை பொறுத்திருக்கிறோம். இசை வரும்போது அது நம்முடைய அடைப்பையும் சேர்த்துத் திறக்கிறது.

நான்காம்வரிசை சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். மௌனமும் பழக்கமாகிவிடக்கூடும் என்பது உண்மை. ஆனால் அது இசையைப் போலவே கட்டளையிடுகிறது என்பதை ஏற்க இயலவில்லை. ‘கவனி’ என்று சொல்வதும், ‘இப்படி உணர்’ என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது என்னை வேலை செய்ய அழைக்கிறது. இரண்டாவது அந்த வேலையை என்னிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஒலிமேசை அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி: இசை எந்தக் கணத்தில் நுழைய வேண்டும் என்பதை நடைமுறையில் யார், எப்படி முடிவுசெய்கிறார்கள்?

ஒலிமேசை எழுதுகிறார்:

படத்தொகுப்பு முடிந்த பிறகு இயக்குநரும் இசையமைப்பாளரும் படத்தை ரீல் ரீலாகச் சேர்ந்து பார்ப்பார்கள். எந்த இடத்தில் இசை தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அப்போது குறித்துக்கொள்வார்கள். நாங்கள் ஆர்.ஆர். என்று சொல்லும் ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை அமைத்துப் பதிவுசெய்யும் வேலை, அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஒரு சிக்கல் நுழைந்துவிடுவதுண்டு. தொகுப்பு நடக்கும்போது வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாக ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். அதை டெம்ப் டிராக் என்கிறோம். வாரக்கணக்கில் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த இடத்தில் இசையே இல்லாமல் விடலாம் என்ற எண்ணம் வருவது கடினம். மௌனம் இழக்கப்படும் இடம் பெரும்பாலும் இதுதான். இசையமைப்பாளர் உள்ளே வரும்போது முடிவு ஏறத்தாழ எடுக்கப்பட்டிருக்கும்.

நுழையும் கணத்தைப் பொறுத்தவரை, வித்தியாசம் மிக நுட்பமானது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. ஒரு பாத்திரம் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்வதற்கு 12 ஃபிரேம்கள் முன்னால், அதாவது அரை நொடி முன்னால் இசையைத் தொடங்கினால், கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது இசை. நிமிர்ந்து, கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தி, அதன் பிறகு 12 ஃபிரேம்கள் கழித்துத் தொடங்கினால், அதைச் சொல்வது நடிகரின் முகம். இசை அதைக் கேட்டுப் பதில் தருகிறது. ஒலிக்கலவையின்போது இதே இசைத்துண்டை முன்னும் பின்னும் நகர்த்தி இயக்குநருக்குப் போட்டுக்காட்டுவது என் வழக்கம். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இதுவரை நான் அப்படிப் போட்டுக்காட்டிய இயக்குநர்களில் பெரும்பாலோர் பின்னால் நகர்த்தியதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிலர் அதைக் கேட்ட பிறகு, இசையை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டே பார்க்கலாமே என்றும் கேட்டிருக்கிறார்கள்.